துடுப்புப் படகுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவில் வாசிப்பதற்கு முன்பே இந்த அறிக்கையை எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். போன வருடம் நான் வாசித்தபோது அறையில் இருந்தவர்கள் 11 பேர், அதில் 5 பேர் செயற்குழுவைச் சேர்ந்தவர்கள். வர முடியாதவர்கள் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு 9 முறை கூடியது. கரையோரக் குப்பை அகற்றும் பணி இரண்டு முறை நடந்தது. புதியவர்களுக்கான துடுப்புப் பயிற்சி நான்கு வாரம் நடந்தது. படகுக் கொட்டகையின் கூரை ஒழுகல் அடைக்கப்பட்டது. விதித் திருத்தம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

இனி கால்வாய்த் துடுப்பு நாள், அதாவது கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுகளிலும், நின்று துடுப்புப் போடும் பலகைகளிலும் கால்வாயில் ஆறு கிலோமீட்டர் போகும் நம் நிகழ்ச்சி. இந்த வருடம் நான் சங்கத்துக்குச் செலவிட்ட நேரத்தில் முக்கால்வாசி இதற்குத்தான் போனது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தேதியை ஏன் மாற்றினேன் என்று இன்றுவரை கேட்கிறார்கள். குறித்த நாளுக்கு முந்தைய மூன்று நாளும் மழை. குறித்த நாளுக்கு முந்தின மாலை நான் கரையில் நின்று ஒரு மரக்குச்சியைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கூடவே நடந்தேன். மற்ற நாட்களில் குச்சி நகர்வதே தெரியாது, அன்று அதற்கு ஈடுகொடுக்க நான் வேகமாக நடக்க வேண்டியிருந்தது. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நம் பாதையின் நான்காவது கிலோமீட்டரில் உபரி நீர் வழிந்து வெளியேறும் கலிங்கு இருக்கிறது. சாதாரண நாளில் அதன் மேல் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். அன்று முழங்கால் உயரத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு ‘நாளை இல்லை’ என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். மறுநாள் காலை வெயில் அடித்தது, உண்மைதான். வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை கீழே வந்துகொண்டேதான் இருக்கும். அன்று காலையும் போய்ப் பார்த்தேன், கலிங்கில் தண்ணீர் குறையவில்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2021 அக்டோபர் 30-ஆம் தேதி, வேல்ஸில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் என்ற ஊரில், மழையால் பெருகியிருந்த ஆற்றில் நின்று துடுப்புப் போடும் பலகைகளில் போன ஒரு குழு தடுப்பணை ஒன்றில் இழுக்கப்பட்டு நான்கு பேர் இறந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு அதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வழியில் இப்படியொரு தடுப்பணை வருகிறது, அதை இப்படித்தான் கடக்க வேண்டும் என்று கிளம்பும் முன் வந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதுவரை நாமும் சொன்னதில்லை. ‘கலிங்கு பக்கம் பார்த்துப் போங்க’ என்பதோடு நம் பாதுகாப்பு அறிவுரை முடிந்துவிடும்.

தடுப்பணையோ கலிங்கோ, மேலிருந்து வருகிறவருக்குப் பள்ளம் தெரியாது. தண்ணீரின் மேல் ஒரு நேர்கோடு மட்டும் தெரியும். விழுந்த தண்ணீர் அடியில் சுருண்டு மறுபடி சுவரை நோக்கியே திரும்புவதால், மாட்டிக்கொண்டவரை மிதவைச் சட்டையோடு சேர்த்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இந்த முறை கலிங்குக்கு நூறு மீட்டர் முன்னாலேயே எல்லோரையும் எதிர்க்கரையில் இறங்கவைத்து, படகைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னோம். கையில் கயாக்கோடு நடப்பது எரிச்சல்தான், முணுமுணுப்பு என் காதிலும் விழுந்தது. இங்கிலாந்தில் டிவைசஸ் முதல் வெஸ்ட்மின்ஸ்டர் வரை நடக்கும் 125 மைல் போட்டியில் 77 இடங்களில் படகைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நாம் ஒரே இடத்தில் நடந்தோம்.

‘கால்வாய்தானே, இடுப்பளவு தண்ணீரில் என்ன ஆபத்து’ என்பது இன்னொரு பேச்சு. நிகழ்ச்சியன்று இரண்டாவது கிலோமீட்டரில் ஓர் அம்மாவின் கயாக் கவிழ்ந்தது. நல்ல நீச்சல் தெரிந்தவர். தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் கால் ஊன்றினால் சேறு முழங்கால் வரை உள்ளே இழுக்கிறது. பக்கத்தில் செங்குத்தான கற்சுவர், விளிம்பு கைக்கு எட்டுகிறது, பாசி வழுக்குகிறது. அவருடைய விரல்கள் அந்தப் பாசியில் நான்கு கோடு இழுத்துக்கொண்டு சறுக்கி இறங்கியதை நான் எதிர்க்கரையிலிருந்து பார்த்தேன். அவர் கத்தவில்லை. மூழ்கும் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டுவதுமில்லை, மூச்சு எடுக்கவே நேரம் போதாது. தலை முழுக உள்ளே போக 20 நொடி முதல் ஒரு நிமிடம் வரைதான். அவர் மிதவைச் சட்டையின் கொக்கிகளை எல்லாம் மாட்டியிருந்தார், அதனால் தலை மேலேயே இருந்தது. பாதுகாப்புப் படகு பக்கத்தில் போய், படகின் முன்முனையை அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஏறும் படிக்கட்டு வரை இழுத்து வந்தது. அவருடைய கயாக்கை மூன்று பேர் சேர்ந்து சாய்த்துச் சாய்த்துத்தான் காலி செய்ய முடிந்தது. 200 லிட்டர் தண்ணீர் புகுந்தால் 200 கிலோ எடை, யாரும் ஒரே மூச்சில் தூக்கப் பார்க்க வேண்டாம்.

கிளம்பும் முன் ஒவ்வொருவரின் மிதவைச் சட்டையையும் நானே தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். காதுவரை ஏறி வந்தால் பட்டையை இறுக்கச் சொன்னேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பெரியவர்கள் அணிவதற்கு 50 நியூட்டன் மிதப்புவிசைச் சட்டை போதும், ஆனால் சரியாக மாட்டியிருந்தால்தான் போதும்.

எறிகயிறு, அதாவது தண்ணீரில் இருப்பவரை இழுக்கக் கரையிலிருந்து பையோடு எறியும் கயிறு, பற்றியும் சொல்லியாக வேண்டும். கரைக் காவலுக்கு 14 பேர் பெயர் கொடுத்தீர்கள். நிகழ்ச்சிக்கு முந்தின ஞாயிறு ஒத்திகைக்கு வந்தவர்கள் 6 பேர். வராத எட்டுப் பேரில் இரண்டு பேர் மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள். அந்த ஒத்திகையில் முதல் எறி ஐந்து மீட்டரில் நின்றுவிட்டது. பையில் இருப்பதோ 20 மீட்டர் கயிறு. போன வருடம் யாரோ அழகாக வளையம் வளையமாகச் சுற்றி உள்ளே வைத்திருக்கிறார்கள், எறிந்தவுடன் முடிச்சு விழுந்துவிட்டது. எறிகயிற்றைச் சுற்றக் கூடாது, கைப்பிடி கைப்பிடியாகப் பைக்குள் திணிக்க வேண்டும், அப்போதுதான் தடையில்லாமல் வெளியே ஓடும். வந்த ஆறு பேரும் அன்று முப்பது தடவைக்கு மேல் எறிந்து பழகினார்கள். முதலில் குரல் கொடு, அப்புறம் கம்பையோ துடுப்பையோ நீட்டு, எட்டாவிட்டால் கயிறு எறி, அதுவும் முடியாவிட்டால் படகில் போ, தண்ணீரில் குதிப்பது கடைசி. இந்த வரிசையை அவர்களிடம் எந்த நேரம் கேட்டாலும் சொல்வார்கள். மற்றவர்களை நிகழ்ச்சியன்று காலை ஏழு மணிக்குக் கரையில் வைத்து அவசர அவசரமாகத் தயார் செய்ய வேண்டியிருந்தது.

பலகையில் வருகிறவர்களின் கால்வார், அதாவது ஆளைப் பலகையோடு பிணைக்கும் வார், பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. ஓட்டமில்லாத தண்ணீரில் கணுக்கால் வார் சரி. ஓடும் தண்ணீரிலும் கலிங்கு, கிளை, தூண் இருக்கும் இடத்திலும் வார் எதிலாவது சிக்கினால், ஓட்டத்தை எதிர்த்துக் குனிந்து கணுக்காலை எட்டவே முடியாது. இடுப்பில் கட்டி, ஓர் இழுப்பில் கழலும் வார்தான் வேண்டும். அது இல்லாத இரண்டு பேரைக் கிளம்ப விடவில்லை. அவர்களுக்கு வருத்தம், எனக்கும் வருத்தம்தான்.

இப்போது என் எண் வில்லைகள். இதைக் குழுவில் கொண்டுவந்தபோது ‘பள்ளிக்கூடமா நடத்துறோம்’ என்று கேட்டார்கள். ஆணி அடித்த ஒரு பலகை, 1 முதல் 60 வரை எண் போட்ட வில்லைகள். தண்ணீரில் இறங்குகிறவர் தன் எண்ணை எடுத்துக்கொண்டு போக வேண்டும், கரை ஏறியதும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். எந்த ஆணி காலியாக இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் தண்ணீரில் இருக்கிறார் என்று கணக்கு. இறங்கியவர்கள் 58 பேர். பகல் பன்னிரண்டரைக்குப் பலகையைப் பார்த்தால் 37-ஆம் ஆணி காலி.

பாதுகாப்புப் படகு இரண்டையும் திருப்பி அனுப்பினோம். கரைக் காவலர்கள் ஆறு கிலோமீட்டரையும் இரு பக்கமும் பிரித்துக்கொண்டு திரும்ப நடந்தார்கள். ஒருவர் கலிங்குக்குக் கீழே இறங்கிப் பார்த்தார். அவசர உதவிக்கு அழைக்கத் தொலைபேசியை நான் கையில் எடுத்துவிட்டேன். 22 நிமிடம் கழித்து 37-ஆம் எண்காரர் வீட்டிலிருந்து பேசினார். பாலத்தருகே ஏறி, படகை வண்டியில் கட்டிக்கொண்டு, வில்லை சட்டைப்பையில் இருக்கவே, கிளம்பிவிட்டாராம். பெயர் சொல்ல மாட்டேன். அந்த 22 நிமிடமும் நான் தண்ணீரைப் பார்த்தபடிதான் நின்றேன். அதற்காக அவரைத் திட்ட இதை எழுதவில்லை. வில்லை இல்லாவிட்டால் ஒருவர் குறைவது நமக்குத் தெரிந்தே இருக்காது. உண்மையிலேயே ஒருவர் தண்ணீரில் இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

இடி இடித்தால் என்ன செய்வது என்பதும் இனி எழுத்தில் இருக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடி அல்லது குறைவு என்றால் எல்லோரும் கரைக்கு, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக் கூடாது. நல்லவேளை, அன்று தேவைப்படவில்லை. எலிக்காய்ச்சல் எச்சரிக்கையும் புதிது. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, தோலில் உள்ள காயம் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் தொற்றும். அறிகுறி தெரியப் பொதுவாக 5 முதல் 14 நாள் ஆகும், ஒரு மாதம் வரைகூட ஆகலாம். அதனால் காயத்துக்குத் தண்ணீர் புகாத ஒட்டுப்போட்டுத்தான் இறங்க வேண்டும் என்றோம். நிகழ்ச்சி முடிந்து பத்தாம் நாள் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: காய்ச்சலும் தசைவலியும் இருந்தால் மருத்துவரிடம் ‘கால்வாய்த் தண்ணீரில் இருந்தேன்’ என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்தச் செய்திக்குப் பதில் எழுதியவர்கள் நான்கு பேர்.

கணக்கு விஷயம். வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, நிகழ்ச்சிக் கட்டணத்தில் வந்தது பாதுகாப்புப் படகுக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் காப்பீட்டுக்கும் ஏறக்குறையப் போதுமானதாக இருந்தது, மீதி சிறு தொகை. சிக்கல் சந்தாவில்தான். உறுப்பினர்கள் 64 பேர். ஆண்டு முடியும்போது முழுச் சந்தா கட்டியவர்கள் 35. மற்ற 29 பேரில் பலர் நிகழ்ச்சியன்று சங்கப் படகை எடுத்துப் போனவர்கள். மூன்று முறை நினைவூட்டினேன், நான்காவது முறை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. மூன்று எறிகயிற்றுப் பைகள் வாங்கத் தீர்மானம் போட்டு ஒன்றுதான் வாங்க முடிந்தது. அதனால் மூன்றாவது, ஐந்தாவது கிலோமீட்டர் காவலர்கள் கையில் மூங்கில் கம்புதான் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், செயற்குழு, பாதுகாப்புப் படகு ஓட்டிய நால்வர், முதலுதவிக்கு நாள் முழுதும் நின்ற இரு செவிலியர், ஒத்திகைக்கு வந்த ஆறு பேர். வில்லைகளுக்கு எண் எழுதித் துளை போட்டுக் கொடுத்த என் வீட்டாருக்கும்.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இதே ஆள்பலத்தோடு இந்த நிகழ்ச்சியை இன்னொரு முறை நடத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒத்திகைக்கு வந்த பன்னிரண்டு காவலர்கள், மூன்று எறிகயிறு, மூழ்கியவருக்கு முதலில் மூச்சுக் கொடுத்து உயிர்மீட்பு முதலுதவி செய்யத் தெரிந்த நான்கு பேராவது, இவ்வளவு இருந்தால் தேதி குறிக்கலாம். குறைந்தால் தூரத்தைக் கலிங்குக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம், அதுவும் முடியாவிட்டால் ஒரு வருடம் விட்டுவிடலாம். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் பாதை வரைபடம், ஆபத்துப் பட்டியல், வில்லைப் பலகை எல்லாவற்றையும் ஒப்படைத்து, முதல் வருடம் கூடவே நிற்கவும் தயார். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஒத்திகைக்குப் பெயர் கொடுக்கும் தாள் கொட்டகைக் கதவில் ஒட்டியிருக்கிறது, நேற்று வரை அதில் மூன்று பெயர். சந்தாவைப் பொதுக்குழுவன்று பொருளாளரிடம் நேரிலேயே கட்டலாம், அவர் அரை மணி நேரம் முன்பே வந்துவிடுவார்.

37-ஆம் வில்லை இன்னும் திரும்பி வரவில்லை. கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்