கத்தரிக்கோலை எடுக்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நலம்தானே?

வீட்டுக் கடன் தவணை ஆரம்பித்துவிட்டது, அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பரிசு, அலங்காரம் எல்லாவற்றையும் கையாலேயே செய்துவிடப் போகிறேன் என்று போனில் சொன்னாய். எனக்குத் தோன்றியதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு காதை என்னிடமும் மறு காதைப் பிள்ளையிடமும் வைத்துக்கொண்டு "சரிப்பா, சரிப்பா" என்பாய், போனை வைத்ததும் பாதி மறந்துபோகும். தாளில் இருந்தால் மாவு பிசையும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கையால் செய்தால் செலவு குறையும் என்பது பாதிதான் உண்மை. கைவினைப் பொருள் விற்கிற கடைக்குள் போய்ப் பார். பசை உருக்கும் குளூ கன், ரிப்பன், மணி, வண்ணத் தாள், வகைவகையான அச்சு. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். கூட்டிப் பார்த்தால் பரிசையே வாங்கியிருக்கலாம். மிச்சப் பொருள் அலமாரியில் அடுத்த வருஷம் வரை கிடக்கும். அதனால் வரிசையை மாற்றிக்கொள். எதைச் செய்வது என்று முடிவுசெய்துவிட்டுப் பொருள் தேடாதே. வீட்டில் என்ன கிடக்கிறது என்று முதலில் பார், அதிலிருந்து என்ன வரும் என்று பிறகு யோசி. காலிக் கண்ணாடிப் புட்டி, அட்டைப் பெட்டி, போட முடியாத சட்டை, பழைய நாட்காட்டி, உதிர்ந்த பொத்தான் இதெல்லாம் எந்த வீட்டிலும் இருக்கும். காசு கொடுத்து வாங்குவதென்றால் நல்ல பசையும் கொஞ்சம் கெட்டித் தாளும் வாங்கு, போதும். கிளிட்டர் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அது பொடிப் பொடியான பிளாஸ்டிக். ஒரு தடவை கொட்டினால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை தரையில் மின்னிக்கொண்டிருக்கும். அது ஒட்டிய தாளை மறுசுழற்சிக்கும் எடுக்கமாட்டார்கள்.

அடுத்தது நேரம். காசு மிச்சமாகிற இடத்தில் நேரம் செலவாகும், அதையும் கணக்கில் வை. பட்டியலில் 10 பேர், ஆளுக்கு 3 மணி நேரம் என்றால் 30 மணி நேரம். வேலைக்குப் போய் வந்து, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு உனக்கு ஒரு மணி நேரம் மிஞ்சினால் அதுவே ஒரு மாதத்து வேலை. ஆளுக்கு ஒரு மப்ளர் பின்னுகிறேன் என்று கிளம்பினால் 24ஆம் தேதி இரவு கண் சிவந்துதான் உட்கார்ந்திருப்பாய். பட்டியலை முதலில் எழுது, அப்புறம் இரக்கமில்லாமல் வெட்டு. பெரியவர்களில் சிலரிடம் "இந்த வருஷம் நமக்குள் பரிசு வேண்டாம்" என்று நேராகவே சொல்லிவிடலாம். அவர்களுக்கும் உள்ளூர நிம்மதியாக இருக்கும், யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். பாதிப் பேருக்கு ஒரே பொருளை மொத்தமாகச் செய். இரண்டு மூன்று பேருக்கு மட்டும் மனம் வைத்துத் தனித்தனியாகச் செய்.

அலங்காரத்துக்கு வருகிறேன், அதில்தான் பயலுக்கு வேலை இருக்கிறது. உப்பு மாவுப் பொம்மையில் தொடங்கு. 2 கப் மைதா, 1 கப் பொடியுப்பு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 1 கப் வரை தண்ணீர். கையில் ஒட்டாத பதம் வந்ததும் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நட்சத்திரம், மணி, மரம் என்று வெட்டிக்கொள். நூல் கோக்கிற துளையை ஈரமாக இருக்கும்போதே ஸ்ட்ரா வைத்துப் போட்டுவிடு, காய்ந்தபின் துளைத்தால் உடையும். ஓவன் சூட்டை 100 டிகிரியை ஒட்டி வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடு. சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டைக் கூட்டினால் உப்பிப்போகும், பழுப்பாகும். ஓவனே இல்லாமலும் செய்யலாம், தட்டில் பரப்பித் திருப்பித் திருப்பிப் போட்டுச் சில நாள் உலரவிட்டால் போதும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஆகவே வண்ணம் அடித்தபின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் வார்னிஷ் பூசு. இல்லாவிட்டால் மழை நாளில் நமத்துத் தொங்கும். நாய் வளர்க்கிற வீட்டுக்கு மட்டும் இதைக் கொடுக்காதே. அத்தனை உப்பைத் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து.

ஆரஞ்சு வில்லைகளும் நன்றாக வரும். அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அதே மெல்லிய சூட்டில் நாலைந்து மணி நேரம், நடுநடுவே திருப்பிப் போட்டு. தொட்டால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது, இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஜன்னலில் தொங்கவிட்டால் வெளிச்சம் ஊடுருவும்போது பார்க்க அழகு.

தாளில் வெட்டுகிற பனிப்பூவைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள். உன் அப்பன் கணக்கு வாத்தியார் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. கடைகளில் தொங்குகிற பனிப்பூக்களில் பலவற்றுக்கு நாலோ எட்டோ இதழ் இருக்கும். தாளை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து வெட்டுவதால் வருகிற கோளாறு. இயற்கையில் பனித்துகளுக்கு ஆறு. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடி, மறுபடி பாதியாக மடி. இப்போது தாளின் நடுப்புள்ளி 90 டிகிரி மூலையாக நிற்கும். அந்த மூலையைப் பாதியாக்காமல் மூன்று சம பங்காக மடி. பங்குக்கு 30 டிகிரி. வெட்டிப் பிரித்தால் சரியாக ஆறு இதழ். பயல் ஏன் ஆறு என்று கேட்பான். கேட்டால் இந்தக் கதையைச் சொல்.

கெப்ளர் என்ற வானியல் அறிஞர் பிராகா நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் கணித அறிஞராக இருந்தார். பதவி பெரிது, சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்து சேராது. தன்னை ஆதரித்துவந்த நண்பர் ஒருவருக்குப் புத்தாண்டுப் பரிசு கொடுக்க வேண்டும், கையிலோ ஒன்றுமில்லை. அந்த யோசனையோடு பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது பனி பெய்து கோட்டில் ஒட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். பார்த்தால் ஒவ்வொரு துகளுக்கும் ஆறு மூலை. ஏன் ஐந்தில்லை, ஏன் ஏழில்லை? அந்தக் கேள்வியையே வளர்த்து, குறும்பும் கணிதமுமாக ஒரு சிறு கட்டுரை எழுதி அதையே பரிசாகக் கொடுத்துவிட்டார். 1611இல் அது அச்சிலும் வந்தது. முழு விடை அவருக்குக் கிடைக்கவில்லை. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன என்பது எக்ஸ்-கதிர் ஆய்வு வந்தபிறகுதான் உறுதியானது. காசில்லாத ஒரு டிசம்பரில் பிறந்த பரிசு அது, இன்றைக்கும் படிக்கிறார்கள்.

நட்சத்திரம் வேண்டுமென்றால் அடி தட்டையான காகிதப் பைகள் ஏழெட்டு எடுத்துக்கொள். ஒரே பக்கம் பார்த்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டு. பசையைப் பையின் அடியோரம் ஒரு கோடு, அதன் நடுவிலிருந்து மேலே ஒரு கோடு என்று மட்டும் தடவு. காய்ந்ததும் மேல்முனையைக் கூராக வெட்டி, வட்டமாக விரித்து முதல் பையையும் கடைசிப் பையையும் ஒட்டிவிடு. பெரிதாக விரியும், பார்த்தவர்கள் பைதான் என்று நம்பமாட்டார்கள். பயல் பெரியவனானபின் மொரேவிய நட்சத்திரம் செய்யலாம். ஜெர்மனியில் மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவின் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டில் வடிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் செய்யத் தொடங்கியது அது. நாற்கர அடியுள்ள கூம்பு 17, முக்கோண அடியுள்ளது 8, விளக்கு வைக்க ஒரு திறப்பு. இந்த வருஷம் அதில் கை வைக்காதே, எரிச்சல்தான் வரும்.

குடிலுக்கு அட்டைப் பெட்டி போதும், உருவங்களை உப்பு மாவிலேயே பிடித்துவிடலாம். 1223இல் அசிசியின் பிரான்சிஸ் இத்தாலியில் உள்ள கிரேச்சோவில் குடில் அமைத்தபோது வைத்தது ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு எருது, ஒரு கழுதை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில் ஏற்றுகிற மெழுகுவர்த்தி வளையமும் அப்படித்தான். 1839இல் ஹாம்பர்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விஷர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு. அட்டையை வளையமாக வெட்டி, தோட்டத்தில் வெட்டிய கிளைகளைச் சுற்றி நீயும் செய்துகொள். ஆனால் காய்ந்த இலைக்கும் தாளுக்கும் பக்கத்தில் நிஜ மெழுகுவர்த்தி ஏற்றாதே. சின்ன எல்.இ.டி. விளக்கு வை.

இனி பரிசு. மொத்தமாகச் செய்ய ஏற்றது பிஸ்கட் கலவைப் புட்டி. உனக்குப் பழகிய பிஸ்கட்டின் உலர்ந்த பொருள்களை மட்டும் அளந்து, மாவு, சர்க்கரை, ஓட்ஸ், சாக்லெட் துண்டு என்று அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் அழுத்திவிடு, அப்போதுதான் கோடு கலையாது. என்ன சேர்த்து, எத்தனை சூட்டில், எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கட்டு. கோதுமை, கொட்டை வகை இருந்தால் அதையும் எழுது, ஒவ்வாமை யாருக்கு இருக்கிறதென்று நமக்கு எப்படித் தெரியும்? பூண்டையோ பச்சை மூலிகையையோ எண்ணெயில் ஊறவைத்துப் புட்டியில் கொடுக்கிற யோசனை வந்தால் விட்டுவிடு. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரும், வாசனையில் தெரியாது. ஒரு வயது ஆகாத குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தேன் கொடுத்தால், குழந்தைக்கு வேண்டாம் என்று மேலே எழுதிக் கொடு. அதுவும் அதே கிருமியால்தான்.

மணி பிளான்ட் வைத்திருக்கிறாயே, அதிலிருந்து கணு உள்ள துண்டுகளை இப்போதே வெட்டித் தண்ணீரில் போட்டு வை. கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், வேர் அங்கேதான் வரும். சில வாரத்தில் வேர்விட்டுவிடும், காலிப் புட்டியோடு அப்படியே கொடுக்கலாம். பூனை வளர்ப்பவர்களுக்கு வேண்டாம், கடித்தால் அதன் வாய் புண்ணாகும்.

தனியாகச் செய்யப்போகிற இரண்டு மூன்று பேருக்கு நான் சொல்வது, புதிதாக எதையும் செய்யாமல் பழையதைச் சரிசெய்து கொடு. உன் மாமியாரின் கைப்பிடி கழன்ற பை, பக்கம் உதிர்ந்த ஜெபப் புத்தகம், மாப்பிள்ளையின் பொத்தான் போன கோட்டு. அவர்களுக்குப் பிடித்துப்போய்த் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருக்கும். ரகசியமாக எடுத்து வந்து ஒழுங்காகத் தைத்து, ஒட்டித் திருப்பிக் கொடுத்துப் பார். செலவு நூல்கண்டு மட்டுமே. சமையல் குறிப்புகளைக் கையால் எழுதித் தைத்த நோட்டும் நல்லதுதான், எழுதுகிறவரின் கையெழுத்து படிக்கும்படி இருந்தால். உன்னுடையது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு சாயங்காலம் உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்களே, அதை எழுதும்போது தேதியையும் போட்டுவிடு. ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, ஐந்து மணி என்று. தேதி இல்லாத சீட்டை யாரும் வெட்கத்தில் கேட்கமாட்டார்கள்.

பொதிவதற்கு நாட்காட்டித் தாள், பழைய துப்பட்டா, பழுப்புத் தாள் எதுவும் ஆகும். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி நட்சத்திரம் செதுக்கி வண்ணத்தில் தோய்த்துப் பயலிடம் கொடு, தாள் முழுக்கக் குத்தித் தள்ளுவான். துணியில் முடிந்து கொடுத்தால் டேப்பும் மிச்சம், துணியும் திரும்ப உதவும்.

கொடுக்கும்போது ஒன்றே ஒன்று. "சும்மா வீட்டில் செய்தது, பெரிதாக ஒன்றுமில்லை" என்று இழுக்காதே. கையில் கொடு, சிரி, பேச்சை மாற்று. வாங்குகிறவரை உனக்கு ஆறுதல் சொல்ல வைக்காதே. உன் அம்மா பக்கத்தில் நின்று "இதை அவளுக்குச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க கத்துக்குங்க" என்கிறாள். அதையும் எழுதிவிட்டேன்.

எங்களுக்கு எதுவும் செய்ய உட்காராதே, பட்டியலில் எங்கள் இரண்டு பேரையும் முதலில் அடித்துவிடு. பயல் வெட்டிய பனிப்பூ ஒன்றைத் தபாலில் அனுப்பு. எட்டு இதழ் வந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பயலுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று அம்மா சொல்கிறாள். எதற்கென்று என்னிடம் சொல்லவில்லை. ஒரு பையில் கட்டி வை, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறோம்.