பனிக்கு அடியில் குடித்தனம்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம், முட்டிவலி தேவலை. மீனாவின் மாற்றல் விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் உன்னோடு ஒரு சண்டை பாக்கி.

"ட்ரொம்சோவில் பூச்சி பொட்டு எதுவும் இருக்காது, கொடுத்து வைத்தவன்டா நீ" என்று எழுதியிருக்கிறாய். ஏழாம் நம்பர் அறையில் கட்டில் மேல் ஏறி நின்று ஊரைக் கூட்டியவனுக்கு அந்தப் பொறாமை நியாயம்தான். ஆனால் தகவல் தப்பு. நார்வேயின் வடக்கே கிடக்கும் இந்த ஊரிலும் பனி உருகியதும் மலைச்சரிவில் நடந்து பார், காலடியிலிருந்து முதலில் தெறித்து ஓடுவது எட்டுக்கால் பூச்சிதான். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்லித் தீருவேன், இப்போது எனக்கு இதே பைத்தியம்.

நேற்று ஒரு ஓநாய்ச் சிலந்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிறம், விரல் நகத்தில் பாதி இருக்கும். பின்புறத்தில் ஒரு முட்டைப்பை, நடுவே வெளிர்கோடு ஓடும் சின்ன உருண்டை. பாறையில் வெயில் படும் பக்கமாக வந்து, பை மேல் வெயில் விழும்படி உடம்பைத் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. என் நிழல் பட்டதும் பாசிக்குள் போய்விட்டது, நிழலை எடுத்ததும் திரும்பவும் வெயிலுக்கு. இங்கே கோடை சின்னது, முட்டைக்குச் சூடு காட்டினால்தான் குஞ்சு சீக்கிரம் வரும். குஞ்சுகள் வந்ததும் கொஞ்ச நாள் தாயின் முதுகிலேயே சவாரி. பெரிதாக ஒரு வருஷம் போதாது. இன்னும் வடக்கே போனால் இரண்டு மூன்று குளிர்காலம் தாண்டித்தான் பருவத்துக்கு வரும்.

ஆனால் வடக்கே ராஜ்ஜியம் பண்ணுவது இந்த ஓநாய்கள் அல்ல. லினிஃபிடே என்று ஒரு குடும்பம், பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், நீ பார்த்தால் தூசி என்று ஊதிவிடுவாய். உலகக் கணக்கில் 6,000 வகைக்கு மேல் வைத்திருக்கும் குதிக்கும் சிலந்திகள்தான் முதலிடம், இவை 4,000 சொச்சத்தோடு இரண்டாவது. வடக்கே போகப் போகக் கணக்கு புரண்டுவிடுகிறது. மொத்த வகைகள் குறைகின்றன, குதிப்பவையும் பெரிய வட்டவலைக்காரர்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கிறார்கள், இந்தத் தூசிக் குடும்பத்தின் பங்கு மட்டும் ஏறுகிறது. நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்வால்பார்டு தீவுகளில் இருபதுக்கும் குறைந்த வகைகள்தான், ஏறக்குறைய எல்லாமே இந்தக் குடும்பம்.

நடுக்கடல் தீவுக்கு எப்படிப் போனது என்று கேட்பாய். பறந்துதான். புல் நுனியில் ஏறி, கால்களை ஊன்றி, வயிற்றைத் தூக்கி நூலை விடும். நூல் காற்றில் ஏறினால் சிலந்தியும் கூடவே. 1832-இல் பீகிள் கப்பல் கரையிலிருந்து அறுபது மைல் தள்ளிப் போகும்போது பாய்க்கயிறுகளில் ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள் வந்து இறங்கியதை டார்வின் எழுதி வைத்திருக்கிறார். காற்று மட்டும் போதாது, வளிமண்டலத்தின் மின்புலமும் இதில் சேர்த்தி என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2018-இல் காட்டினார்கள். காற்று அசையாத பெட்டிக்குள் மின்புலத்தைக் கொடுத்ததும் சிலந்தி வயிற்றைத் தூக்கியதாம்! சுகுமாரனிடம் சொல், அவன் நம்பமாட்டான்.

சரி, குளிர்காலத்தில்? இதுதான் எனக்குப் பிடித்த இடம். உடம்புக்குள் பனிக்கட்டி உருவானால் சிலந்தி செத்தது. அதனால் கிளிசரால் மாதிரியான பொருள்களைச் சேர்த்துக்கொண்டு, பூஜ்ஜியத்துக்கு வெகு கீழேயும் உடம்பின் நீர் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. மீதி வேலையைப் பனி பார்க்கிறது. வெளியே மைனஸ் இருபது என்றாலும், கனமாக மூடிய பனிக்கு அடியில், தரையை ஒட்டி, பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். அந்த இடுக்கில் சில சிலந்திகள் தூங்குவதுகூட இல்லை. வலை கட்டி, ஸ்பிரிங்டெயில் என்னும் துளியூண்டு உயிர்களைப் பிடித்துத் தின்றுகொண்டு முழு மார்கழியும் குடித்தனம் நடத்துகின்றன.

அதனால்தான் குளிர் கூடினால் எனக்குக் கவலை இல்லை, குறைந்தால்தான் கவலை. நடுக்குளிர்காலத்தில் திடீரென்று மழை பெய்கிறது பாஸ்கர். பனி மேல் மழை பெய்து, மறுநாள் எல்லாம் இறுகிக் கண்ணாடியாகிவிடுகிறது. நடக்கிறவன் வழுக்கி விழுந்தால் மாவுக்கட்டோடு போயிற்று. அடியில் இருப்பவைக்கு அந்த இடுக்கே போய்விடுகிறது, பனிக்கட்டி உடம்பில் உரசுகிறது. ஸ்வால்பார்டில் இப்படி வேண்டுமென்றே பனிக்கட்டியால் மூடிப் பார்த்ததில் ஸ்பிரிங்டெயில்கள் ஏராளமாகச் செத்தன. இரை போனால் வலை கட்டி என்ன செய்ய?

"சூடானால் உனக்கு வேண்டிய சிலந்திகள் பெருகுமே" என்று நீ வாதாடுவாய், தெரியும். அதிலும் பாதி உண்மை உண்டு, அதுதான் எரிச்சல். வடகிழக்கு கிரீன்லாந்தில் சாக்கன்பெர்க் என்ற நிலையத்தில் 1996 முதல் தரையில் குழிப்பொறி வைத்துப் பூச்சி சிலந்திகளைச் சேகரித்து வருகிறார்கள். பனி முன்னதாக உருகும் வருஷங்களில் அங்கே ஓநாய்ச் சிலந்திகள் பெரிதாக வளர்கின்றன, சில தாய்கள் அதே கோடையில் இரண்டாம் முட்டைப்பையும் போட்டுவிடுகின்றன. நல்ல செய்தி என்று நானும் குதித்தேன். அப்புறம் அலாஸ்காவின் டூலிக் ஏரிப் பக்கத்து ஆய்வைப் படித்தேன். பெரிய தாய்கள் இருக்கும் இடத்தில் குஞ்சுகள் குறைவு. பெரிது சிறிதைத் தின்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அங்கேயே இன்னொன்றும் பார்த்தார்கள். சருகை மட்க வைக்கும் பூஞ்சையை ஸ்பிரிங்டெயில் மேயும், அதைச் சிலந்தி தின்னும். வழக்கமான குளிரில் சிலந்தி கூடினால் ஸ்பிரிங்டெயில் குறைந்தது, சருகு சீக்கிரம் மட்கியது. நிலத்தைச் சூடாக்கியதும் தலைகீழ்: சிலந்தி கூடிய இடத்தில் ஸ்பிரிங்டெயிலும் கூடியது, மட்குவது மந்தப்பட்டது. மட்கினால் கார்பன் வெளியே வரும், உறைந்த மண்ணில் அது எவ்வளவு புதைந்திருக்கிறது என்று உனக்கே தெரியும். அதன் கணக்கில் ஒரு எட்டுக்கால் பூச்சியும் கை வைக்கிறது என்றால், இதை வேலையற்றவன் பொழுதுபோக்கு என்று இனிமேல் எழுதாதே.

மீனாவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, ஆகஸ்டில் சேர வேண்டும். வீடு பார்ப்பதற்கு உன்னைத்தான் கூப்பிடுவாள், தப்பிக்கப் பார்க்காதே. வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா இல்லையா, அதை எழுதாமல் மூன்று பக்கம் கிரிக்கெட் எழுதியிருக்கிறாயே, உருப்படுவாயா?

அன்புடன்,
கணேசன்