காருக்கு எதற்கு முக்காடு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையில், வண்டி நடுவழியில் நின்றதும் 'காரின் முக்காட்டைத் திறந்து' இன்ஜினைப் பார்த்தார்களாம். வாசித்துக் காட்டினேன். "காருக்கு யாரு எழவு?" என்று கேட்டாள் என் மனைவி.

ஆங்கிலத்தில் 'ஹூட்' என்று இருந்ததைத்தான் முக்காடு ஆக்கியிருக்கிறீர்கள். காரில் அமெரிக்காக்காரர்கள் ஹூட் என்பது நம் ஊர் பானெட், இன்ஜினை மூடும் மூடி, ஐயா. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையன்கூடச் சொல்வான்.

நான் பொள்ளாச்சியில் 31 வருடமாக ஆட்டோவுக்கும் ஜீப்புக்கும் ஹூட் தைப்பவன். எங்களுக்கு ஹூட் என்றால் மேலே போடும் ரெக்ஸின் கூரை. இங்கிலாந்திலும் மடக்குக் கூரைக்கு அதே பெயர்தான். அமெரிக்காவிலிருந்து வந்த என் அக்கா மகன் ஒருநாள் என் ஜீப்பை எடுத்துப் போனவன், "மாமா, ஹூட் மூடவே மாட்டேங்குது" என்று உடுமலை ரோட்டிலிருந்து போன் போட்டான். கோணி ஊசி, நைலான் நூல், இரண்டு மீட்டர் ரெக்ஸின் எல்லாம் கட்டிக்கொண்டு 12 கிலோமீட்டர் போனேன். கூரை அப்படியே இருக்கிறது. பானெட் லாக்கில் துரு! நாலு சொட்டு ஆயில் விட்டேன், சரியாகிவிட்டது. படித்த பிள்ளைக்கும் எனக்குமே இந்தக் குழப்பம் என்றால், அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுபவரை என்ன சொல்ல?

போன ஆடியில் 'நல்ல பாம்பு முக்காட்டை விரித்தது' என்று போட்டீர்கள். பாம்பு படமெடுக்கும் என்று தமிழில் சொல்லித்தர ஆளில்லையா? சமையலறைச் சிம்னி 'அடுப்பு முக்காடு' ஆனது. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் 1941-இல் பிஸ்மார்க் என்ற ஜெர்மன் கப்பல் சுட்டு மூழ்கிய ஹூட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை 'முக்காட்டுக் கப்பல்' என்றீர்களே, அது ஒரு கடற்படைத் தளபதியின் பெயர். 1,400 பேருக்கு மேல் உயிரைவிட்ட கப்பல். பிழைத்தது மூன்றே பேர். அன்றே கார்டு போட்டேன். வரவில்லை. உங்கள் பொங்கல் மலரைப் புகழ்ந்து எழுதியது மட்டும் மறுவாரமே வந்தது.

மழைக்கோட்டில் தலையை மூடுவதை முக்காடு என்று எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது?

அடுத்த இணைப்பில் ஒரு ஓரமாக, 'முக்காடு என்பதை பானெட் என்று படிக்கவும்' என்று ஒரு வரி போட்டால் போதும். இடமிருந்தால் அந்தக் கப்பலுக்கும் ஒரு வரி.

இப்படிக்கு,
ஹூட் தைப்பவர்,
பொள்ளாச்சி.