டிக்கெட்டை வண்டியைவிட்டு இறக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலையில் பேருந்துக்கென்றே தனியாக ஒதுக்கும் விரைவுப் பேருந்துத் தடங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வரும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். சாலையில் எத்தனை மீட்டரைப் பேருந்துக்கு ஒதுக்குவது, கார்க்காரர்கள் எங்கே போவார்கள், நடுவில் பைக் நுழைந்தால் யார் பிடிப்பது என்று எல்லாரும் தடத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் 31 ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன். நெரிசலில் வண்டி இழக்கும் நேரம் எனக்கும் தெரியும். அதே அளவு நேரத்தை அது படிக்கட்டில் இழக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டிக்கெட்டை வண்டிக்குள் போடாமல் நிலையத்திலேயே கொடுங்கள், நடைமேடையையும் வண்டியின் தளத்தையும் ஒரே மட்டமாக்குங்கள் என்றுதான் கேட்கப்போகிறேன். அது என் தொழிலுக்கே விரோதமாகத் தெரியும். பழைய தோழர்கள் சிலர் போன் போட்டுத் திட்டுவார்கள். திட்டட்டும்.

காலை எட்டரை மணி வண்டியை நினைத்துப் பாருங்கள். நிறுத்தத்தில் இருபது பேர் நிற்கிறார்கள். பழைய வண்டிகள் லாரிக்கான அடிச்சட்டத்தின் மேல் கூண்டு கட்டியவை. அவற்றின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல். மூன்று படி. புடவை, பை, கைக்குழந்தை, முழங்கால் வலி எல்லாம் அந்த மூன்று படியில்தான் ஏற வேண்டும். இறங்குகிறவர்களும் அதே படியில்தான். "இறங்கறவங்களுக்கு வழி விடுங்க" என்று நான் கத்தியதை எல்லாம் சேர்த்து வைத்தால் ஒரு ஆண்டுக்கு ஓடும். ஒருவர் ஏற மூன்று வினாடி என்றே வைத்துக்கொள்வோம். இருபது பேருக்கு ஒரு நிமிடம். இருபது நிறுத்தத்துக்கு இருபது நிமிடம். ஒரு தடவை போய்வர நாற்பது. சாலை முழுவதையும் காலி செய்து கொடுத்தாலும் இந்த நாற்பது நிமிடம் அப்படியே இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு நிறுத்தத்தில் ஒரு வண்டி ஒரு நிமிடம் நின்றால், வந்து ஒதுங்கவும் கிளம்பி விலகவும் ஆகும் நேரத்தைச் சேர்த்து, அந்த இடத்தில் மணிக்கு நாற்பது வண்டிக்கு மேல் நிறுத்த முடியாது. நாற்பத்தொன்றாவது வண்டி பின்னால் காத்து நிற்கும், அதுவும் யாரும் குறுக்கே வராத, பேருந்துக்கென்றே கட்டிய தடத்தில். இதைப் பார்த்துவிட்டுத்தான் "தடம் போட்டும் வண்டி நிற்கிறதே" என்று கேலி பேசுவார்கள்.

டிக்கெட் கதைக்கு வருகிறேன். நம் ஊர்களில் நடத்துநர் வாசலில் நின்று காசு வாங்குவதில்லை, உள்ளே நடந்து வாங்குகிறார். அதனால் டிக்கெட்டால் தாமதம் இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கூட்ட நேரத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து போகிறவராக இருக்க வேண்டும். ஒரு ஸ்டேஜ், அதாவது கட்டணம் மாறும் இடம், மாறுவதற்குள் ஏறியவர்கள் அத்தனை பேருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும். அதற்குள் செக்கிங் ஏறி, டிக்கெட் இல்லாத ஒருவரைப் பிடித்தால் மெமோ எனக்குத்தான். தொண்ணூறு பேர் அடைந்த வண்டியில் முன்பக்கம் இருந்து பின்பக்கம் போகவே இரண்டு நிறுத்தம் ஆகிவிடும். என்ன செய்வோம்? "அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டுங்க, டிக்கெட் முடியல" என்று ஓட்டுநரிடம் குரல் கொடுப்போம். நிறுத்தமே இல்லாத இடத்தில் ஒரு மரத்தடியில் வண்டி நிற்கும். இரண்டு நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம். இந்த நிறுத்தம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் பின்னால் வரவேண்டிய வண்டி நெருங்கிவிடும். எங்கள் வண்டி தாமதமானதால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடியிருக்கும், அதை ஏற்ற இன்னும் தாமதம். பின்வண்டிக்கு ஆளே கிடைக்காது, காற்று வாங்கிக்கொண்டு எங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும். "அரை மணி நேரம் ஒண்ணும் வராது, வந்தா ரெண்டா வரும்" என்று நீங்கள் சலித்துக்கொள்வது இதைத்தான். யாருடைய சோம்பேறித்தனமும் அல்ல. முதல் வண்டியின் படிக்கட்டில் போன இரண்டு நிமிடம்தான் பெருகிப் பெருகி அப்படி ஆகிறது.

நேரத்தை விடுங்கள். எனக்கு நாற்பது வயது இருக்கும்போது நடந்தது ஒன்று. நெரிசலான வண்டி. நான் நடுவில் ஒருவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். பின்படி எனக்குத் தெரியவில்லை, ஆட்கள் மறைத்திருந்தார்கள். அந்தப் பக்கமிருந்து யாரோ "ரைட், ரைட்" என்றார்கள். நம்பி இரண்டு விசில் கொடுத்தேன். ஒரு பாட்டி ஒரு காலைப் படியில் வைத்திருந்திருக்கிறார். வண்டி நகர்ந்ததும் சாலையில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது, அவ்வளவோடு போயிற்று. ஆட்டோவில் ஏற்றும்போது "உன் மேல தப்பில்ல தம்பி" என்று அவரே சொன்னார். விசாரணையில் "கதவைக் கவனித்தாயா" என்று கேட்டார்கள். "டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன்" என்றேன். கதவும் டிக்கெட்டும் ஒரே ஆளுக்கு எப்படி என்று திருப்பிக் கேட்க அன்று எனக்கு நா எழவில்லை. இன்று கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற பின் மகள் வீட்டுக்கு அகமதாபாத் போயிருந்தேன். அங்கே 2009 அக்டோபரில் முதல் பன்னிரண்டரை கிலோமீட்டரோடு தொடங்கிய 'ஜன்மார்க்' பேருந்துகள் ஓடுகின்றன. மற்றவர்கள் கோயில் குளம் பார்க்கப் போனால் நான் பஸ் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன் என்று மகளுக்கு ஒரே சிரிப்பு. சாலையின் நடுவில் நிலையம். வாசலிலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டம். வண்டி வந்து ஒட்டி நிற்கிறது, வலப்பக்கக் கதவு திறக்கிறது, ஆட்கள் உள்ளே போகிறார்கள். ஏறினார்கள் என்ற சொல்லே அங்கே பொருந்தவில்லை. அறையிலிருந்து கூடத்துக்குப் போவதுபோல் போனார்கள். முதல் நாள் நான் பழக்கதோஷத்தில் இல்லாத படிக்குக் காலைத் தூக்கித் தடுமாறி, முன்னால் நின்ற இளைஞர் முதுகில் மோதினேன். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். என் வண்டியில் ஒரு நிமிடம் பிடிக்கும் கூட்டம் இருபது வினாடியில் உள்ளே போய்விட்டது. யாரும் கத்தவில்லை. எனக்கு என்னவோ வேலையைப் பறிகொடுத்தவன் போலவும் இருந்தது, பெரிய சுமையை இறக்கி வைத்தவன் போலவும் இருந்தது.

ஊர் திரும்பியபின், இதைப் பற்றித் தேடிப் படித்துக் காட்டும்படி பேரனிடம் சொன்னேன். பிரேசில் நாட்டுக் குரிச்சிபாதான் இதற்கெல்லாம் முன்னோடி என்கிறார்கள். மேயர் ஜைமி லெர்னர் காலத்தில், 1974-இல், அங்கே பேருந்துக்குத் தனித்தடம் வந்தது. ஆனால் கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும் அந்தப் புகழ்பெற்ற நிலையங்கள் வந்தது 1991-இல். கணக்குப் பாருங்கள், பதினேழு ஆண்டு. தடம் மட்டும் போதாது என்று கண்டுகொள்ள முன்னோடிக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அடுத்த ஆண்டு மூன்று பெட்டி கோத்த, 270 பேர் கொள்ளும் வண்டிகளை ஓட்டினார்கள். ஐந்து கதவு. இருநூற்று எழுபது பேரை ஒரு நடத்துநர் டிக்கெட் போட்டு முடிக்க முடியுமா? குழாயின் வாசலில் காசை வாங்கிக்கொண்டதால்தான் அவ்வளவு நீள வண்டி சாத்தியமாயிற்று.

அந்தக் குழாய் வாசலில் காசு வாங்க உட்கார்ந்திருந்தது யார்? நடத்துநர். அவர் வண்டியை விட்டு இறங்கினார், வேலையை விட்டு இறங்கவில்லை. என் தோழர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய 'டிரான்ஸ்மிலேனியோ'வில் தானியங்கிச் சுழல் கதவுகள் வைத்திருக்கிறார்கள். அங்கே காசு கொடுக்காமல் நடைமேடைக் கதவு வழியாகத் தாவி ஏறுகிறவர்கள் பெரிய தலைவலி. இயந்திரத்தைத் தாண்டுவது எளிது. முகத்தைப் பார்த்து "டிக்கெட் எங்கே" என்று கேட்கிற ஆளைத் தாண்டுவது அவ்வளவு எளிதல்ல, முப்பது வருடம் பார்த்தவன் சொல்கிறேன். அதனால் நிலையத்துக்கு ஆள் வேண்டும். டிக்கெட் கொடுக்க, சக்கர நாற்காலியைத் தள்ளிவிட, வழி கேட்பவருக்குச் சொல்ல. நின்றபடி குலுங்கிக் குலுங்கி முதுகெலும்பு தேய்ந்தவர்களுக்கு அந்த உத்தியோகம் ஒன்றும் கேவலமில்லை. மின்விசிறியும் கழிவறையும் இருக்குமே!

தில்லிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எதிர்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் எடுத்து வீசுகிறார்கள். அங்கே போட்ட பேருந்துத் தடம் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை ஆறு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 2008-இல் திறந்தார்கள், 2016-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். தடத்துக்கு எதிராக வழக்கு வந்ததும், 2012-இல் உயர் நீதிமன்றம் தடத்தை எடுக்க முடியாது என்று சொன்னதும் உண்டு. அப்படியும் நிலைக்கவில்லை. காரணம் பல இருக்கலாம். என் கண்ணுக்குப் படுவது, அங்கே நடுச்சாலையைப் பேருந்துக்குக் கொடுத்தார்கள், டிக்கெட்டைப் பழையபடி வண்டிக்குள்ளேயே வைத்தார்கள். எல்லா வகைப் பேருந்தும் அதற்குள் ஓடியது. பக்கத்தில் நெரிசலில் நிற்கிற கார்க்காரன் தன் கண்ணெதிரே பேருந்து சர்ரென்று போனால் ஒருநாள் வயிறெரிவான், மறுநாள் தானும் அதில் ஏறலாமா என்று யோசிப்பான். பேருந்தும் வரிசையில் நின்றால் வயிறெரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். போபாலில் 2013-இல் திறந்த தடத்தையும் 2024-இல் பெயர்க்கத் தொடங்கிவிட்டார்கள். தடத்தைப் பெயர்ப்பது சுலபம், இரண்டு பொக்லைன் போதும்.

நிலையம் நடுச்சாலையில் இருந்தால் மட்டத்துக்கு மட்டம் ஒட்டி நிறுத்த முடியுமா, இடைவெளியில் கால் போகாதா என்று கேட்பீர்கள். என்னோடு ஒன்பது ஆண்டு ஓடிய ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. "இப்ப நிறுத்தம் இடது பக்கம், நான் உட்கார்றது வலது பக்கம். ஓரத்தைக் கண்ணாடியிலதான் பார்க்கணும். நடுவுல நடைமேடை வந்தா அது என் கைக்குப் பக்கத்துல. ரெண்டு மாசம் பழகினா நாலு விரல்ல நிறுத்துவேன்." குரிச்சிபாவில் அந்த நாலு விரலையும் விட்டுவைக்கவில்லை. கதவு திறக்கும்போது வண்டியிலிருந்து ஒரு பலகை நடைமேடைமேல் விழுந்து பாலமாகிவிடும். துருக்கியின் இஸ்தான்புல்லில் இன்னும் வேடிக்கை. 2007-இல் தொடங்கியபோது நிலையங்களை நடுவில் வைத்துவிட்டார்கள், வண்டிகளுக்கோ வலப்பக்கம்தான் கதவு. கதவை மாற்றவில்லை. அந்தத் தடத்துக்குள் மட்டும் நாட்டு வழக்கத்துக்கு எதிராக இடப்பக்கமாக ஓட்டுகிறார்கள். மனம் இருந்தால் இப்படியும் ஒரு வழி.

உண்மையான சிக்கல் வேறு. பெருநகரம் ஒரு சாலையோடு முடிவதில்லை. தடம் பத்து கிலோமீட்டர், பயணி வருவதோ அதற்கு அப்பால் எட்டு கிலோமீட்டரிலிருந்து. உயர நடைமேடைக்கும் வலப்பக்கக் கதவுக்கும் செய்த வண்டி, வெளியே சாதாரண நிறுத்தத்துக்கு உதவாது. அப்போது எல்லாரும் தடத்தின் முனையில் இறங்கி மாற வேண்டும். மாறி ஏறுவதைப் போல மக்கள் வெறுப்பது வேறில்லை; உட்கார்ந்த சீட்டை இழப்பதற்கு யாருக்கு மனம் வரும்? சீனாவின் குவாங்சௌவில் 2010-இல் இதற்கு ஒரு வழி செய்தார்கள். நகரின் பல பேருந்து வழிகளில் ஓடும் வண்டிகள் பொதுச் சாலையில் வந்து, தனித்தடத்தில் நுழைந்து, மறுபடி வெளியே போகின்றன. தடத்துக்குள் நிலைய வாசலில் கட்டணம், வெளியே வண்டியில் கட்டணம். நம் நாட்டுப் பேருந்து விதிகளிலேயே தள உயரம் 400, 650, 900 மில்லிமீட்டர் என்று மூன்று வகை உண்டு. 400 மில்லிமீட்டர் தாழ்தள வண்டியில் இருபக்கமும் கதவு வைத்தால் உள்ளேயும் வெளியேயும் அதே வண்டி ஓடும். தடத்துக்கு வெளியே ஓடும் தூரத்துக்கு நடத்துநர் அதில் இருக்கட்டும். தடத்துக்குள் வந்ததும் அவர் பையை மூடிவிட்டுக் கதவை மட்டும் பார்க்கட்டும்.

கார்டு, செல்போன் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்லதுதான். ஆனால் காலையில் சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறவர்களுக்கும் நிலைய வாசலில் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் எங்கள் ஆட்களை உட்காரவைக்கச் சொல்கிறேன்.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய திட்டத்தின் வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், தடத்தின் அகலத்தை அச்சிடுவதோடு நடைமேடையின் உயரம் எவ்வளவு, வாங்கப்போகும் வண்டியின் தள உயரம் எவ்வளவு என்று கேட்டு அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பணம் எங்கே வாங்குவார்கள் என்றும் ஒரு வரி. இரண்டு எண்ணும் வேறு வேறாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், இன்னொரு கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர்