வாரச் செலவு 5 டாலர்னு பாத்து மனசு குழம்பாதம்மா

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின போட்டோ எல்லாத்தையும் பாத்தேம்மா. ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு குடும்பம், ஒரு வாரத்துக்கு சாப்பிடுற அத்தனையையும் பரப்பி வச்சுகிட்டு நிக்குறாங்க. போட்டோக்காரர் பீட்டர் மென்சலும் எழுத்தாளர் ஃபெய்த் டி'அலூசியோவும் 24 நாடு சுத்தி 30 குடும்பத்தப் பாத்து எழுதி 2005ல புக்கா வந்தது, அதனால விலையெல்லாம் அப்போதையது. "பூட்டான்ல 13 பேர் வாரம் 5 டாலர்ல சாப்பிடுறாங்க, நான் ஒருத்தி இவ்ளோ செலவு பண்றேனே, குறைச்சுக்கப் போறேன்"னு எழுதியிருந்தியே, அதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல.

அந்த 5 டாலர் காசு குடுத்து வாங்கினதுக்கு மட்டும்தாம்மா. சிவப்பரிசில இருந்து காய்கறி வரைக்கும் முக்கால்வாசி அவங்க நிலத்துலயே விளையுது, அதுக்கு வீடே சேந்து வருஷம் பூரா பாடுபடுறது எந்தக் கணக்குலயும் ஏறாது. ஜெர்மனில நாலு பேர் குடும்பத்துக்கு 500 டாலர் ஆகுதுன்னா அவங்க எல்லாத்தையும் கடையில வாங்குறாங்க, அதனால மொத்தமும் காசா தெரியுது.

சாட் நாட்டு அகதி முகாம் படத்தத்தான் என்னால தாண்டிப் போக முடியல. பக்கத்து நாடான சூடான்ல நடந்த டார்ஃபூர் சண்டைக்கு தப்பிச்சு வந்த ஒரு தாய், அஞ்சு புள்ளைங்க, முன்னால தானிய மூட்டை, கொஞ்சம் பருப்பு, எண்ணெய், தண்ணி கேன். ரேஷன் போக கையில இருந்து போட்டது 1 டாலர் 23 சென்ட். பிடிச்ச சாப்பாடு என்னன்னு கேட்டா ஆட்டுக்கறி சூப்னு சொல்லியிருக்காங்க. பூட்டான் குடும்பத்துக்கு காலடில நிலம் இருக்கு, இவங்க அதெல்லாம் விட்டுட்டு உயிர மட்டும் எடுத்துட்டு வந்தவங்க, ரெண்டையும் கம்மி செலவுன்னு ஒரே வரிசைல வைக்க எனக்கு மனசு வரல.

எர்ன்ஸ்ட் எங்கெல்னு ஒரு ஜெர்மன்காரர் 1857லயே பெல்ஜியம் தொழிலாளி குடும்பங்களோட வரவு செலவ எடுத்துப் பாத்து சொல்லிட்டாரு, வருமானம் ஏற ஏற அதுல சாப்பாட்டுக்குப் போற பங்கு குறையும்னு. இன்னிக்கும் அப்படித்தான், அமெரிக்காவுல வீட்டுச் சமையலுக்கு வாங்குறது மொத்த செலவுல 10 சதவீதம்கூட வராது, நைஜீரியாவுல பாதிக்கு மேல போயிடும், அங்க தானிய விலை ஏறினா வேற எதையும் குறைக்க வழியில்லாம தட்டுலதான் குறையும். அதனால டாலர டாலரோட வச்சுப் பாக்காத, உன் சம்பளத்துல எத்தன பங்கு போகுதுன்னு பாரு, வீட்டு வாடகைதான் பெருசா இருக்கும்னு எனக்குத் தோணுது.

மெக்சிகோ படத்துல பெரிய பெரிய கோக் பாட்டிலா வரிசையா நிக்குதே, கவனிச்சியா? குறைக்கணும்னா அந்த மாதிரி இருக்குறதக் குறை, ஆர்டர் பண்ணி வாங்குறதக் குறை. காய், பழம், பருப்பு, முட்டைல மட்டும் கை வைக்காதம்மா. இந்த மாச பில்லெல்லாம் எடுத்து சமைச்சது எவ்ளோ, வெளிய வாங்கினது எவ்ளோன்னு ரெண்டா பிரிச்சு அனுப்பு, ஞாயித்துக்கிழமை போன்ல உக்காந்து சேந்து பாப்போம்.

அப்பா