இரண்டு 'ஓ' போட்ட 'டூ'

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில், ஆங்கிலத்தில் 'டூ' (too), 'வெரி' (very) இரண்டுக்கும் 'மிகவும்' என்பதே பொருள், எதையும் எழுதலாம் என்று போட்டிருந்தீர்கள். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. 'வெரி ஹொட்' தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கலாம். 'டூ ஹொட்' என்றால் வாயில் வைக்க ஏலாது. 'டூ டயர்ட் டு வோக்' (too tired to walk) என்றால் நடக்கவே முடியாத களைப்பு. அந்த இடத்தில் 'வெரி'யைப் போட்டுப் பாருங்கள், வசனமே நிற்காது. 'ஒன்லி டூ ஹப்பி' (only too happy) என்றால் 'மிகவும் மகிழ்ச்சி' என்று ஒரு வழக்கு இருக்கிறதே என்று உங்கள் பக்கத்தை எழுதுபவர் கிளம்புவார். அது விதிவிலக்கு. தரம் 8 பிள்ளைக்கு அதையா முதலில் தீத்துவது?

போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் பூநகரிப் பக்கம் கிணறு பார்க்க ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. தண்ணீர் சரியான உப்பு, வாயில் விட்டால் துப்பத்தான் வேண்டும். படிவம் நிரப்பிய தம்பி எழுதியது 'வெரி சோல்ட்டி'. வந்த வெள்ளைக்கார அம்மா அதை வாசித்தார். உப்பென்றாலும் குடிக்கிறார்கள்தானே என்று அடுத்த வளவுக்கு நடந்துவிட்டார். நான் பின்னால் ஓடிப்போய் விளக்கியபிறகுதான் அந்த ஒழுங்கை குடிதண்ணீர் பவுசர் வரும் இடங்களின் பட்டியலில் ஏறியது. அந்தத் தம்பிக்கும் உங்களைப்போல் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

2009இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் புத்தகமே இல்லாமல் படிப்பித்தோம். அப்போதும் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னதில்லை. உங்களிடம் அச்சகமே இருக்கிறது.

சரி, இது மட்டுமா? சாதாரண தர மாதிரி வினாத்தாளைப் போட்டு, விடை அடுத்த வாரம் என்பீர்கள். அடுத்த வாரம் அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம். வன்னி என்றால் வெள்ளமும் யானையும்தான் உங்களுக்குச் செய்தி. ஆங்கில ஆசிரியர் வந்த கையோடு இடமாற்றம் வாங்கிப் போவது எந்தப் பக்கத்திலும் வராது. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் உங்கள் பக்கத்தைத்தான் வெட்டிச் சுவரில் ஒட்டுகிறார்கள் ஐயா. நகரத்துப் பிள்ளை சந்தேகம் வந்தால் டியூசன் மாஸ்டரிடம் கேட்கும். எங்கள் பிள்ளை யாரிடம் கேட்கும்?

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நாலு வரித் திருத்தம் போட்டால் போதும். போனமுறைபோல மரண அறிவித்தல்களுக்குக் கீழே போட்டுவிடாதீர்கள்.

ஓய்வுநிலை ஆங்கில ஆசிரியர்,
கிளிநொச்சி