கத்திரி வெயிலில் இரண்டு நாய்களுடன் வரும் மகளுக்கு

அன்புள்ள மீனாவுக்கு,

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும் என்றும், நாய்களோடு ரயிலில் வரத் தேவையான முதல் வகுப்பு ஏ.சி. கூபே (இருவருக்கான தனி அறை) கிடைக்கவில்லை என்றும், அதனால் வீரனையும் லட்டுவையும் காரில் ஏற்றிக்கொண்டு ஹைதராபாத்திலிருந்து ராஜபாளையம் வரை தனியாகவே ஓட்டி வரப்போவதாகவும் நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் அவற்றை அனுப்பும் யோசனையை நீ ஒதுக்கியது மிகவும் சரி. மே மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒரு பகல் முழுவதும் லட்டு தாங்குவான் என்று எந்தக் கால்நடை மருத்துவரும் உறுதி கூறமாட்டார். தொலைபேசியில் சொன்னால் பாதி மனத்தில் நிற்காது என்பதால் எழுதுகிறேன். புறப்படுவதற்கு முன் இரண்டு முறை படித்துவிடு.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். அது உடலைக் குளிர்விக்கப் போதாது. வாயைத் திறந்து வேகமாக மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கின் உட்பரப்பிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே சூடாகவும் ஈரமாகவும் ஆகிவிட்டால் இந்த ஏற்பாடு செயலிழந்துவிடும். அதன் பிறகு இரைக்கும் உழைப்பே உடலை மேலும் சூடாக்கும். ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். வெயிலில் அது 106ஐ எட்டிவிட்டால் மூளை, சிறுநீரகம், குடல், இரத்தம் உறையும் தன்மை ஆகிய எல்லாமே பாதிக்கப்படத் தொடங்கும்.

உன் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதிரி நினைக்காதே. வீரன் சிப்பிப்பாறை, ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் குட்டை முடியுமாக, நம் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய்களின் வழியில் வந்தவன். லட்டு பக். அவனுடைய மூக்குத் துவாரங்கள் குறுகியவை. தொண்டைக்குள் மேலண்ணத்தின் மென்சதை நீண்டு காற்றுக் குழாயின் வாயை மறைக்கிறது. மூக்குக்குள் ஈரம் ஆவியாக வேண்டிய பரப்பே மிகக் குறைவு. போதாததற்கு வயது எட்டாகிறது, எடையும் கூடியிருக்கிறான். வீரன் சற்று வேகமாக இரைக்கும் அதே சூட்டில் லட்டு மூச்சுத் திணறி விழுந்துவிடக்கூடும். ஆகவே இந்தப் பயணத்தின் வேகம், நேரம், நிறுத்தம் எல்லாவற்றையும் அவனை வைத்தே முடிவு செய்.

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பெரிய பயமில்லை. ஏ.சி. வேலை செய்யும், காற்று ஓடும், நீயும் கூடவே இருப்பாய். நீ காரை விட்டு இறங்கும் நிமிடங்கள்தான் எனக்கு அச்சம் தருகின்றன. இரண்டு பேராக வந்தால் ஒருவர் இறங்கும்போது மற்றவர் நாய்களோடு உட்கார்ந்திருப்பார். தனியாக வரும் உனக்குக் கழிப்பறைக்குப் போவதும், ஒரு காபி வாங்குவதும், பணம் கட்ட உள்ளே நுழைவதும்கூட முன்கூட்டியே திட்டமிட வேண்டிய காரியங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் முதல் பத்து நிமிடங்களில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடும். அரை மணி நேரத்தில் 19 டிகிரி வரை கூடிவிடும். வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே எவ்வளவு ஆகும் என்று நீயே கூட்டிப் பார். கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கிவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அளந்து பார்த்தவர்கள் அதனால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை என்றே கண்டிருக்கிறார்கள்.

நான் கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு மே மாத மதியம், திருமண வீட்டுக்கு வந்த ஒரு குடும்பம் தங்கள் நாயை மருந்தகத்துக்குத் தூக்கிவந்தது. வேப்ப மர நிழலில்தான் காரை நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணாடியையும் சிறிது இறக்கிவிட்டிருக்கிறார்கள். பந்தி முடிந்து வருவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. என் கையில் வந்தபோது அதன் ஈறுகள் செங்கல் நிறத்தில் இருந்தன, வெப்பமானி அதன் கடைசிக் கோட்டைத் தொட்டிருந்தது. அந்த நாயைக் காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அந்த வீட்டுச் சிறுமி அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டுவிட்டுப் போகலாமே என்று நீ கேட்பாய். வேண்டாம் என்பதே என் முடிவு. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் குளிர்ச்சி குறையும்; எஞ்சின் நின்றுபோனாலும் உனக்குத் தெரியாது; வீரன் எட்டிப் பார்க்கையில் அவன் கால் பட்டுக் கதவு பூட்டிக்கொண்டு சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ணாடியை உடைப்பதைத் தவிர வழியிருக்காது. எனவே நீ இறங்கினால் அவர்களும் இறங்க வேண்டும். நெடுஞ்சாலையில் புதிதாக வந்துள்ள பெரிய பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை ஓரளவு விசாலமாக இருக்கும்; இருவரையும் வாரில் பிடித்துக்கொண்டு உள்ளேயே அழைத்துச் செல். யாராவது முகம் சுளித்தால் பணிவாகக் காரணத்தைச் சொல். நம் ஊர்ப்பக்கத்து மனிதர்கள் காரணம் தெரிந்தால் உதவத்தான் செய்வார்கள். அதற்காகத் தெரியாத எவரிடமும் வாரைக் கொடுத்துவிட்டுப் போகாதே. தெருநாய்களைக் கண்டால் வீரன் இழுக்கும் இழுப்பை அவர்களால் தாங்க முடியாது. சாப்பாட்டுக்கு உணவகம் தேட வேண்டியதே இல்லை. பொடி தடவிய இட்லியையும் மோரையும் கட்டி எடுத்துக்கொண்டு வண்டியிலேயே சாப்பிடு. முந்தின நாள் மாலையே பெட்ரோல் நிரப்பிவிடு.

இனி வழியைப் பற்றிச் சொல்கிறேன். மொத்தம் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டி வந்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு. பெங்களூரில் சித்தி வீட்டில் ஓர் இரவு தங்கியே வர வேண்டும். ஹைதராபாத்தில் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பு. நன்றாக விடிவதற்கு முன் ஆள் நடமாட்டமில்லாத எந்த இடத்திலும் நிறுத்தாதே. இது நாய்களுக்காகச் சொல்வதன்று, உனக்காகச் சொல்வது. கர்னூலில் துங்கபத்திரைப் பாலத்தைத் தாண்டும்போது வெளிச்சம் வந்திருக்கும். முதல் நிறுத்தம் அங்கே. அடுத்த நூற்றைம்பது கிலோமீட்டர், குத்தியைக் கடந்து அனந்தபூர் வரை, மரமே இல்லாத பாறை நிலம். நாட்டிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று அது. கத்திரியில் பத்து மணிக்கு மேல் அங்கே நிழல் தேடி அலைய முடியாது. அனந்தபூரை ஒன்பது மணிக்குள் கடந்துவிட்டால் போதும். பாகேபள்ளியைத் தாண்டிச் சிக்கபள்ளாப்பூர் நோக்கி வரும்போது நிலம் உயர்ந்துகொண்டே வரும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூரை நீ உச்சிவேளையில் அடைந்தாலும் கவலையில்லை. நீ நகருக்குள் நுழையும் சாலையிலேயே ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்.

மறுநாள் மூன்றரைக்குப் புறப்பட்டால் கிருஷ்ணகிரியில் இருட்டு பிரியத் தொடங்கும். தர்மபுரியைத் தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்து, லாரிகளுக்குப் பின்னால் நெருங்காமல் இடைவெளி விட்டு மெதுவாக வா. அங்கே நடக்கும் விபத்துகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்காத ஆண்டே இல்லை. சேலத்தில் அவர்களை நடக்கவிடு, தண்ணீர் காட்டு. நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த இரண்டாம் நாள் வழியில் அவசரமென்றால் நீ திருப்ப வேண்டிய இடம் அதுதான். அதற்கு அடுத்த கரூரை மட்டும் சாதாரணமாக எண்ணிவிடாதே. கோடைக்கால வானிலைச் செய்தியில் கரூர் பரமத்தியின் பெயர் எத்தனை முறை முதலில் வருகிறது என்று உனக்கே தெரியும். ஒன்பது மணிக்குள் அதைக் கடந்து, திண்டுக்கல்லில் சிறிது நின்று, திருமங்கலத்தில் பிரிந்து கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

நிற்குமிடத்தில் தார்ச் சாலையிலோ சிமெண்ட் தளத்திலோ அவர்களை இறக்காதே. வெயில் ஏறிய தாரின் சூடு காற்றின் சூட்டைவிட மிக அதிகமாக உறைக்கும்; பாதத்தின் தோல் வெந்து உரிந்து வந்த நாய்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். உன் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பார். உன்னால் வைக்க முடியவில்லையென்றால் அவர்களாலும் நிற்க முடியாது. மண் தரையில் நடக்கவிட்டால் வண்டியில் ஏற்றுமுன் விரலிடுக்குகளில் நெருஞ்சி முள்ளும், காது மடலுக்குள் உண்ணியும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடு.

புறப்படும் முந்தைய வாரமே ஏ.சி.யின் வாயுவையும் ரேடியேட்டரையும் பேட்டரியையும் பணிமனையில் காட்டிவிடு. இருவரையும் பின்னிருக்கையில், ஹார்னஸ் (மார்புப் பட்டை) போட்டு இருக்கைப் பட்டையோடு பிணைத்து உட்கார வை. கழுத்துப் பட்டையில் பிணைக்காதே, திடீரென்று பிரேக் போட்டால் கழுத்து முறியும். பக்கத்துக் கண்ணாடிகளுக்கு மறைப்புப் போடு, ஏனென்றால் ஏ.சி. ஓடினாலும் நேர் வெயில் லட்டுவின் மேல் விழுந்தால் அவன் சூடாகிவிடுவான். காலையில் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். முதல் நாள் இரவே கொடுத்துவிட்டு, வழியில் கைப்பிடி அளவு மட்டும் கொடு. தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டு. குடிப்பதற்கு எடுப்பது தனி. அது போக பத்து லிட்டர் கேன் இரண்டை நிரப்பிக் காரில் வைத்துக்கொள். அவை எதற்கென்று அடுத்துச் சொல்கிறேன். பயணத்தில் தூங்க வைக்க மாத்திரை கொடுக்கலாமென்று யாராவது சொன்னால் கேட்காதே. மயக்க மருந்துகள் உடல் தன் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளும் திறனைக் குறைக்கும். பக் போன்ற குட்டை மூக்கு நாய்க்கு அது உயிராபத்து.

லட்டுவின் இரைப்பு வழக்கத்துக்கு மாறாகக் கரகரவென்று சத்தம் கொடுத்தால், எச்சில் பசை போலத் தடித்து ஒழுகினால், நாக்கும் ஈறும் கருஞ்சிவப்பானால், நிற்கும்போது தள்ளாடினால், அடுத்த ஊர் வரட்டும் என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. ஓரமாக நிறுத்தி, நிழலில் இறக்கி, அந்தக் கேன் தண்ணீரை அவன் உடல் முழுவதும், முக்கியமாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்று, விசிறு, மீண்டும் ஊற்று. நான் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அந்தக் கருத்து மாறிவிட்டது. கையில் இருக்கும் நீர் எதுவானாலும், அது அவன் உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் போதும், உடனே ஊற்ற வேண்டும். முதலில் குளிரவை, பிறகு மருத்துவரிடம் கொண்டு போ என்பதே இன்றைய வழிமுறை. ஈரத் துண்டைப் போர்த்திவிடாதே, அது சூட்டை உள்ளேயே தேக்கிவிடும். வாயைத் திறந்து தண்ணீரைப் புகட்டாதே; அவனாகக் குடித்தால் குடிக்கட்டும். டிஜிட்டல் வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்த்து, 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டு மருத்துவமனைக்கு ஓட்டு. நாம் காய்ச்சலுக்குப் போடும் மாத்திரை எதையும் கொடுக்காதே. இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரைகள் ஏற்கெனவே அடிபட்ட உள்ளுறுப்புகளை மேலும் கெடுக்கும். அவன் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகக் கோளாறும் இரத்தக் கசிவும் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொள். வண்டி நின்றுபோனால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033, கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. இரண்டாவது எண் பெரும்பாலும் மாடு ஆடுகளுக்காக ஓடுவது என்றாலும், அருகில் உள்ள மருந்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள்.

தேதி முடிவானதும் எனக்கும் சித்திக்கும் எழுது. கர்னூல், அனந்தபூர், சேலம், திண்டுக்கல் என்று நிற்கும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு வரி அனுப்பு. அதில் லட்டுவின் ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா